ஐவர் கட்டிய பாட்டு, ஒருவர் பெயரில்: கிருஷ்ணகிரி ராக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஐவர் நடத்திய ராக் இசைக்குழு ஒன்று ஒரே ஒரு தனிப்பாடலால் ஊரறிந்ததாகி, அந்தப் பாடல் யாருடையது என்ற கேள்வியில் பிளந்து, பின்னர் எழுத்து வடிவிலான சமரசத்துக்கு வந்த வரலாறு இங்கே பதிவு செய்யப்படுகிறது. கணக்கும் வருமான வரியும் என் தொழில். குழுவின் பாடகருக்கு வந்த வரித்துறை அறிவிப்பு ஒன்றே என்னை இதற்குள் கொண்டுவந்தது. சட்டப் பகுதியை ஒரு வழக்கறிஞர் கவனித்தார். ஐவரும் இதை எழுத இசைந்தனர் என்றாலும், பெயர்களும் பாட்டின் தலைப்பும் ஒலிப்பதிவு நிறுவனத்தின் பெயரும் விடப்பட்டுள்ளன. குழு தொடங்கிய ஆண்டு முதல் ஆண்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திரைப்படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளைஞர்கள் இந்த வட்டாரத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒலிப்பதிவுக்குச் செலவிடும் கவனத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தாள்களுக்குக் கொடுப்பதில்லை. அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பின்னணி

தொடக்கத்தில் இது நால்வர் குழு. பொறியியல் கல்லூரி ஒன்றில் உடன் பயின்ற பாடகரும், கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் வாசிப்பவர்களும் கல்லூரி விழாக்களில் பிறருடைய ஆங்கிலப் பாடல்களையும் திரைப்பாடல்களையும் வாசித்துப் பழகியவர்கள். படிப்பு முடிந்ததும் பாடகர் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் வசூல் பணிக்கும், கித்தார் கலைஞர் ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் சென்றனர். பேஸ் கலைஞர் காவேரிப்பட்டணத்தில் தந்தையின் மாங்காய் மண்டியில் உட்கார்ந்தார். டிரம்ஸ் கலைஞர் தருமபுரியில் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக்கொடுத்தார். மண்டியின் கிடங்கு மே முதல் ஜூலை வரை காயால் நிறைந்திருக்கும், எஞ்சிய மாதங்களில் காலியாகக் கிடக்கும். ஒத்திகைகள் எல்லாம் அந்தக் காலி மாதங்களில் அங்கேதான் நடந்தன.

பெங்களூரு அருகில் இருப்பது இந்தப் பக்கத்து ராக் குழுக்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், சொந்தப் பாட்டைப் பொறுமையாகக் கேட்கும் கூட்டம் கொண்ட சிறு அரங்குகள் அங்கே உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து அவற்றில் ஓர் இரவுக்கு 8,000 முதல் 12,000 ரூபாய் வரை பெற்று இவர்கள் வாசித்தார்கள். வண்டி வாடகை போக எஞ்சியது பொதுப் பையில் சேர்ந்தது. வார்த்தை குறைவாகவும் வாத்தியம் நீளமாகவும் அமைந்த சொந்தப் பாடல்கள் ஆறேழு அவர்களிடம் அப்போதே இருந்தன.

ஐந்தாமவர் சேர்ந்தது மூன்றாம் ஆண்டில். காரிமங்கலம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த பரம்பரைப் பம்பைக் கலைஞர் அவர். மரத்தாலும் பித்தளையாலும் ஆன இரட்டை முழவை இடுப்பில் கட்டி, மாசி அமாவாசையில் அங்காளம்மன் மயானக் கொள்ளைத் திருவிழாக்களில் விடிய விடிய வாசிப்பவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர், மற்றவர்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நிகழ்ச்சிக்கு 800 ரூபாய் கூலி என்று பேசி அழைத்துவரப்பட்டார். கூட்டம் அவருடைய வாசிப்பைக் கேட்டு எழுந்து நின்றதால் அடுத்த நிகழ்ச்சிக்கும் அழைக்கப்பட்டார், பிறகு வராத நிகழ்ச்சியே இல்லை. ஆனால் அவர் குழுவின் உறுப்பினரா, கூலிக்கு வாசிப்பவரா என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூலி மட்டும் 800 என்பதிலிருந்து 1,500 ஆயிற்று.

பாட்டு உருவான விதம்

நான்காம் ஆண்டின் இறுதியில், கிடங்கு காலியாக இருந்த ஒரு மாலையில், பம்பைக் கலைஞர் அம்மன் புறப்பாட்டின்போது வாசிக்கும் நடை ஒன்றைச் சற்று மாற்றி, சுற்று முடிவதற்கு ஒரு மாத்திரை முன்பாகவே நிறுத்தி, அந்த இடைவெளியில் இரட்டைத் தட்டு ஒன்றை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கித்தார் கலைஞர் அந்த இடைவெளிக்குள் வந்து விழும்படி ஐந்து சுரங்களில் ஒரு துணுக்கை அமைத்தார். ராக் இசையில் ரிஃப் என்று சொல்லப்படும், பாட்டு முழுதும் திரும்பத் திரும்ப வரும் துணுக்கு அது. இருவரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதையே வாசித்ததைப் பேஸ் கலைஞர் தன் கைப்பேசியில் பதிந்து வைத்தார். அந்தப் பதிவு பின்னாளில் எவ்வளவு பெறுமதியுடையதாக மாறும் என்பது அன்று அவருக்கே தெரியாது.

பாடகர் இரண்டு வாரம் கழித்து வார்த்தைகளைக் கொண்டுவந்தார். தோத்தாபுரி காயை ஏற்றிய வண்டியோடு மாங்கூழ்த் தொழிற்சாலை வாயிலில் இரவெல்லாம் காத்திருக்கும் ஒரு விவசாயி, விடிந்ததும் விலை மேலும் இறங்கிவிட்டதைக் கேட்பதுதான் பாட்டின் செய்தி. தமிழ்நாட்டின் மாம்பழ விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டத்தில் இதைச் சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. எந்தப் பருவத்திலும் அந்த வண்டிவரிசையைச் சாலையிலேயே பார்க்கலாம். வட்டார வழக்கில், மிகையில்லாமல் எழுதப்பட்ட அந்த வரிகள் நல்ல வரிகள் என்பதில் ஐவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது. பேஸ், டிரம்ஸ் கலைஞர்கள் பாட்டின் நடுப்பகுதியில் வேகம் குறைந்து மீண்டும் எழும் அமைப்பைச் செய்தார்கள்.

பெங்களூருவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு பதிவாயிற்று. செலவான 42,000 ரூபாயில் 30,000 மண்டியிலிருந்து பேஸ் கலைஞர் கொண்டுவந்தது, 12,000 பொதுப் பையிலிருந்து எடுத்தது.

பாட்டை இணையத் தளங்களில் ஏற்றும் பணியைப் பாடகர் தன் கணக்கின் மூலம் செய்தார். விநியோக நிறுவனத்தின் படிவம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், கலைஞர் என்று தனித்தனியாகப் பெயர் கேட்டது. கலைஞர் என்ற இடத்தில் குழுவின் பெயரையும், மற்ற மூன்று இடங்களிலும் தன் பெயரையும் அவர் எழுதினார். இதில் வஞ்சகம் எதையும் நான் காணவில்லை. ஒரே ஒரு பான் எண்ணும் வங்கிக் கணக்கும்தான் படிவத்துக்குத் தேவைப்பட்டன, அவற்றைத் தர முன்வந்தவர் அவர் ஒருவரே. மற்ற நால்வரும் அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

வெற்றியும் அதன்பின் கவனிக்கப்பட்டவையும்

ஐந்தாம் ஆண்டின் மாம்பழப் பருவத்தில் காய் விலை சரிந்தபோது, விவசாயிகள் தங்கள் வண்டிவரிசைகளைப் படமெடுத்து இந்தப் பாட்டோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவின் விலை அடியோடு குறைந்திருந்ததால், கிராமத்துக் கைப்பேசிகளில் படக்காட்சிகள் தடையின்றி ஓடிய காலம் அது. சில வாரங்களில் பாட்டு மாவட்ட எல்லையைத் தாண்டியது. நகரப் பேருந்துகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் அது ஒலித்தது. அடுத்த தையில் எருதுவிடும் விழாக்களின் ஒலிபெருக்கிகளிலும், பாட்டின் சோகத்துக்குச் சற்றும் பொருந்தாத வகையில், அந்த ஐந்து சுரங்கள் கேட்டன.

சென்னை ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று, பாட்டின் எல்லா உரிமைகளையும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாகத் தனக்கு மாற்றித்தந்தால் 3 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னது. பாடகர் ஒருவரே கையொப்பமிட்டார். 10 விழுக்காடு வரிப் பிடித்தம் போக 2,70,000 வந்தது. பேஸ் கலைஞரின் 30,000 முதலில் திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய 2,40,000 ரூபாயில் நால்வரும் ஆளுக்கு 55,000 எடுத்துக்கொண்டார்கள். பம்பைக் கலைஞருக்கு 20,000 தரப்பட்டது. அது பெரிய தொகை என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு நிகழ்ச்சிக்கான தொகை 75,000 வரை உயர்ந்தது. ஆனால் அழைத்தவர்கள் பெங்களூரு அரங்குகளாக இல்லாமல், கோயில் திருவிழாக் குழுக்களாகவும் கல்லூரி விழா அமைப்பாளர்களாகவும் வரவேற்பு நடத்துபவர்களாகவும் மாறினார்கள். எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு பாட்டு. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியால் கிராமத்து மேடைகள் பத்துக்குள் முடிய வேண்டியிருந்தன. ஆகவே எட்டு மணிக்கு ஒருமுறை, ஒன்பதே முக்காலுக்கு இன்னொருமுறை என்று அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குவது வழக்கமாயிற்று. நடுவே குழு தன் பழைய நீண்ட பாடல்களை எடுத்தால் கூட்டம் கலைந்தது. அமைப்பாளர்கள் அந்த இடத்தில் திரைப்பாடல்களை வாசிக்கச் சொன்னார்கள், குழு வாசித்தது. இப்படியாக, கல்லூரிக் காலத்தில் எதை விட்டுச் சொந்தப் பாட்டுக்கு வந்தார்களோ அதற்கே திரும்பினார்கள்.

முடிவுகளும் காரணங்களும்

இந்தக் கட்டத்தில் குழு எடுத்த இரண்டு முடிவுகள் பின்னால் நடந்தவற்றைத் தீர்மானித்தன.

கித்தார் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் ஆறாம் ஆண்டில் வேலையை விட்டார்கள். மாதத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சிகள் வந்த நிலையில், சுழற்சி முறைப் பணியோடு அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வருமானம் எதைச் சார்ந்திருக்கிறது என்று அவர்கள் கணக்கிடவில்லை. மேடை நடந்தால்தான் அவர்களுக்குப் பணம். பாட்டு தானாக ஒலிக்கும் இடங்களிலிருந்து வரும் பணத்தில் பெரும்பகுதி நிறுவனத்துக்கும், ஒரு சிறு பகுதி பாடகருக்கும் போய்க்கொண்டிருந்தது. நிரந்தர வேலையை விடும் ஒருவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மற்றொரு முடிவு, முதல் பாட்டின் அச்சிலேயே அடுத்த பாட்டுகளைக் கட்டியது. நிறுவனம் அப்படித்தான் கேட்டது. மாங்காய்க்குப் பதில் புளி, பிறகு தக்காளி என்று இரண்டு தனிப்பாடல்கள் வந்தன. வேகமும் அதே, பம்பை வரும் இடமும் அதே. இரண்டும் எடுபடவில்லை. முதல் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது ஏற்கெனவே கையில் இருந்தது, இரண்டாவது பிரதி தேவைப்படவில்லை. நீண்ட வாத்தியப் பாடல்களுக்காகக் காத்திருந்த பெங்களூருக் கேட்பவர்கள் குழுவை மறந்தார்கள். பதிந்துவைத்த அந்தப் பழைய பாடல்களை நான் கேட்டிருக்கிறேன். அவை வெளிவராமல் போனது இந்த வரலாற்றின் பெரிய இழப்பு.

பிளவு

எட்டாம் ஆண்டில், 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தது. திருவிழாக்கள் நின்றன, வரவேற்புகள் நின்றன, முன்பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். டிரம்ஸ் கலைஞர் தன் வாத்தியத்தை விற்றார். கித்தார் கலைஞர் முன்பு நிரந்தரமாக இருந்த அதே தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்தார். பம்பைக் கலைஞர் மண்டியில் பெட்டி ஏற்றும் வேலைக்கு வந்தார்.

ஒன்பதாம் ஆண்டில் ஒரு குளிர்பான விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. அதில் பாட்டின் வரிகள் எதுவும் இல்லை. பம்பை நடையும் அதன்மேல் ஐந்து சுரங்களும் மட்டும் இருபது நொடி ஒலித்தன. நிறுவனம் அதை விற்றிருந்தது, ஆவணத்தில் இசையமைப்பாளர் என்றிருந்த பாடகருக்கு 1,50,000 ரூபாய் தந்திருந்தது. மற்றவர்களுக்கு விளம்பரத்தைப் பார்த்துத்தான் செய்தியே தெரியவந்தது. பம்பைக் கலைஞர் பாடகரிடம் நேரில் கேட்டது இவ்வளவுதான்: "பாட்டுல எழுத்து உன்னுது தம்பி, இல்லேன்னு சொல்லல. அந்த விளம்பரத்துல எழுத்தே இல்லியே?" பாடகரிடம் பதில் இல்லை. அன்றோடு ஐவரும் ஒன்றாக உட்காருவது நின்றது.

மறுஆண்டு பாடகருக்கு வரித்துறை அறிவிப்பு வந்தது. ஐந்து ஆண்டுகளாக நிகழ்ச்சித் தொகைகள் எல்லாம் அவருடைய பான் எண்ணிலேயே வரிப் பிடித்தத்தோடு பதிவாகியிருந்தன. அவர் அவற்றை ரொக்கமாகப் பிரித்துக் கொடுத்ததற்கு ஒரு ரசீதும் இல்லை. பணம் பெற்ற நால்வரும் எழுதிக்கொடுத்தால்தான் பதில் அளிக்க முடியும் என்று நான் சொன்னேன். பாட்டின் விவகாரம் தீராமல் எழுதித்தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

சட்டம் இதில் சொல்வது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது, வாசித்தவர்களின் நிகழ்த்துரிமை நான்காவது. இசைப் படைப்பு என்பதில் வரிகள் அடங்காது என்று சட்டமே சொல்கிறது. இசையமைப்பாளர் என்பவர் தன் இசையைக் குறியீட்டில் எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதும் அதே சட்டத்தின் விளக்கம். சுரம் எழுதத் தெரியாத பம்பைக் கலைஞருக்கு இந்த ஒரு விளக்கம் தந்த பலம் பெரிது.

உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. பாடகரால் தன்னுடைய பங்கை மட்டுமே மாற்ற முடியும். மற்றவர்கள் கையொப்பமிடாததால் மெட்டில் அவர்களுக்குள்ள பங்கு அவர்களிடமே இருந்தது. கால அளவு குறிப்பிடாத மாற்றம் ஐந்து ஆண்டில் முடியும் என்ற விதியைப் பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். இங்கே நிரந்தரம் என்று எழுதப்பட்டிருந்ததால் அது உதவவில்லை. உதவியது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். ஒலிப்பதிவில் இடம்பெறும் வரிகளுக்கும் இசைக்கும் உரியவர், உரிமையை மாற்றிக்கொடுத்த பிறகும், அவற்றின் பயன்பாட்டிலிருந்து வரும் ராயல்டியை, உரிமையை வாங்கியவரோடு சமபங்காகப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது.

பம்பைக் கலைஞர் கூலிக்கு வந்தவர்தானே என்ற கேள்வியை நிறுவனத்தின் தரப்பு எழுப்பியது. வேலையளிப்பவரிடம் பணி ஒப்பந்தத்தின்கீழ் செய்த படைப்புக்கு வேலையளிப்பவரே முதல் உரிமையாளர் என்பது விதி. ஆனால் நால்வரும் அவருக்கு முதலாளிகள் அல்லர். மேடையில் வாசிப்பதற்கு வாங்கிய கூலி, கிடங்கில் மெட்டுக் கட்டியதற்கான விலை ஆகாது.

கித்தார் கலைஞர், இவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிட்டதால் உரிமை போய்விட்டதா என்று கேட்டார். அவருக்கு இங்கிலாந்து வழக்கு ஒன்றை எடுத்துச் சொன்னோம். புரோகால் ஹாரம் என்ற ராக் குழு 1967இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் படைப்பாளிகளாகக் கேரி புரூக்கர், கீத் ரீட் இருவர் பெயரே பதிவாகியிருந்தன. அதன் புகழ்பெற்ற ஆர்கன் பகுதியை வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005இல்தான் வழக்குத் தொடுத்தார். 2006இல் உயர்நீதிமன்றம் இசையில் 40 விழுக்காடு அவருடையது என்றது. மேல்முறையீட்டில் தாமதத்தைக் காட்டி அவருடைய பணப் பங்கு மறுக்கப்பட்டது. 2009இல், அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருப்பித் தந்தது. ஆனால் உரிமை கோருவதற்கு முந்தைய 38 ஆண்டுகளின் பணம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், வாத்தியத் துணுக்கும் படைப்புத்தான் என்பதையும், பேசாமல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பணமாகக் கரைகிறது என்பதையும் அவர் அதிலிருந்து புரிந்துகொண்டார். நம் நாட்டிலும் பதிப்புரிமை மீறலுக்கு நட்டஈடு கேட்க மூன்று ஆண்டே கால வரையறை. விளம்பரம் வந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.

சமரசத்தை நோக்கி எடுத்த முடிவுகள்

முதலில் சான்றுகளைத் திரட்டினோம். பேச்சு தொடங்கிய பின் பழைய கைப்பேசிகள் தொலைந்துபோவதுண்டு என்பதால், கிடங்கில் பதிந்த ஒத்திகைகளைத் தேதியோடு படியெடுத்து ஐவருக்கும் ஒரு படி கொடுத்தோம். வார்த்தைகள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே நடையும் துணுக்கும் முழுமையாக இருந்ததை எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கேட்டார்கள். அதன்பின் அதைப் பற்றி வாதம் எழவில்லை.

பம்பைக் கலைஞரிடம் தனியாகவும் பேசினோம். ஐவரும் இருந்த அறையில் அவர் நாற்காலியைத் தவிர்த்துத் தரையில் அமர முயன்றார். கேட்டதற்கெல்லாம் "அவங்க சொல்றது சரிதாங்க" என்றார். ஊர் அவருக்குப் பழக்கியிருந்த இடத்திலிருந்துகொண்டு அவர் தன் பங்கைக் கேட்கப்போவதில்லை. தனியாக, பம்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோதுதான் எது பழைய நடை, எதைத் தான் மாற்றினார் என்பதைத் தட்டிக்காட்டி மிகத் தெளிவாக விளக்கினார். இந்தச் சந்திப்பு நடக்காமல் இருந்திருந்தால் சமரசம் சமரசமாக இருந்திருக்காது.

அந்த விளக்கத்திலிருந்து கடினமான கேள்வி ஒன்று எழுந்தது. புறப்பாட்டு நடை தலைமுறைகளாக வாசிக்கப்படுவது. அதில் ஒருவருக்குப் பங்கு எழுதினால், மற்ற பம்பைக் கலைஞர்கள் தங்கள் சாமிக்கு வாசிப்பதற்கே தடை ஆகிவிடாதா? இதை எழுப்பியவர் பம்பைக் கலைஞரே. ஆகவே ஒப்பந்தத்தில், மரபான நடை எவருக்கும் உரியதன்று என்றும், சுற்று முடிவதற்கு முன் நிறுத்தி இரட்டைத் தட்டு வைத்து, அதைக் கித்தார் துணுக்கோடு பிணைத்த இந்த அமைப்பு மட்டுமே உரிமைக்குட்பட்டது என்றும், வழிபாட்டில் எவர் எப்படி வாசித்தாலும் ஐவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்றும் தனிப் பத்தி சேர்த்தோம். ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பெருமை தருவது இந்தப் பத்திதான்.

நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. பதிப்புரிமை வழக்கை வழக்காடுபவர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், ஐவரில் எவருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை இல்லை. பாடகருக்கோ வரி அறிவிப்புக்குப் பதில் தரும் கெடு நெருங்கியிருந்தது.

பங்குகள் இவ்வாறு எழுதப்பட்டன. வரிகள் முழுவதும் பாடகருடையவை. மெட்டில் கித்தார் கலைஞருக்கு 35, பம்பைக் கலைஞருக்கு 30, பாடும் மெட்டை அமைத்த பாடகருக்கு 15, பேஸ், டிரம்ஸ் கலைஞர்களுக்குத் தலா 10 விழுக்காடு. விளம்பரத் தொகையில் வரிப் பிடித்தம் போக எஞ்சிய 1,35,000 ரூபாய், பாட்டின் வரிகள் இல்லாத பயன்பாட்டுக்கு வந்தது என்பதால், மெட்டின் பங்குப்படியே பிரிந்தது: 47,250, 40,500, 20,250, மற்ற இருவருக்கும் தலா 13,500. பாடகர் தன் பங்குபோக எஞ்சியதைத் தவணைகளில் கொடுத்தார்.

மேடை வருமானத்தைப் பின்னோக்கிக் கணக்கிட முடியவில்லை. ஒப்பந்தம் இல்லாத கூட்டாளிகள் லாபத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் நிலை. சுவரொட்டிகளில் ஐந்து முகங்கள் இருந்ததால், பாட்டுப் பதிவான நாளிலிருந்து பம்பைக் கலைஞரும் கூட்டாளியே என்று ஏற்கப்பட்டது. நால்வரும் ஆளுக்கு 15,000 சேர்த்து 60,000 ரூபாய் அவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு உண்மையில் சேர வேண்டியது இதைவிட அதிகம் என்பது என் கருத்து. அவர் அந்தத் தொகைக்கு இசைந்தார், நால்வரும் அப்போது இருந்த நிலையில் அதற்குமேல் திரட்ட முடியவில்லை.

பின்விளைவு

நால்வரும் ரசீது எழுதிக்கொடுத்தார்கள், தங்கள் வருமானத்தையும் தனித்தனியே கணக்கில் காட்டினார்கள். பாடகரின் விளக்கத்தில் பெரும்பகுதி ஏற்கப்பட்டது. நிறுவனம் முதலில் பதிலளிக்கவில்லை. வழக்கறிஞரின் இரண்டாவது கடிதத்துக்குப் பின், இசையமைப்பாளர்களாக ஐவர் பெயரையும் சேர்க்கவும், புதிய ஒப்பந்தத்தில் மெட்டுக்கான ராயல்டியை நேரடியாக ஐவருக்கும் பிரித்துத்தரவும் இசைந்தது. பழைய ஆண்டுகளின் ராயல்டியை அது தரவில்லை, அதை விட்டுவிடுவதாக ஐவரும் ஒப்புக்கொண்டார்கள். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் அமைப்பில் ஐவரும் உறுப்பினராகி, பங்கு விழுக்காடுகளைப் பதிந்துகொண்டார்கள்.

குழு மீண்டும் சேரவில்லை. நம்பிக்கை திரும்பாத இடத்தில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. பாடகர் தனியாக மேடை ஏறுகிறார். குழுவின் பெயரை ஐவரில் மூவராவது சேர்ந்தால்தான் பயன்படுத்தலாம் என்று எழுதியிருப்பதால், சுவரொட்டியில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறார். பேஸ் கலைஞர் மண்டியோடு நின்றுவிட்டார். டிரம்ஸ் கலைஞர் தருமபுரியில் மீண்டும் வகுப்பு எடுக்கிறார். கித்தாரும் பம்பையும் மட்டும் இன்னும் ஒன்றாக இருக்கின்றன. இருவரும் வார்த்தைகள் இல்லாத நீண்ட பாடல்களைக் கட்டுகிறார்கள், பெங்களூருவின் சிறு அரங்குகள் அவர்களை மீண்டும் அழைக்கத் தொடங்கியிருக்கின்றன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒலிப்பதிவு முடிந்த நாளிலேயே, கூடத்தைவிட்டு வெளியேறும் முன், வரிகளிலும் மெட்டிலும் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். பாட்டு வெற்றி பெற்ற பின் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவரின் நினைவும் அவரவர் பக்கம் சாயும். இணையத்தில் ஏற்றும் படிவத்தை அந்தத் தாளைப் பார்த்தே நிரப்ப வேண்டும், நிரப்பியதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், இசைப் படைப்பைப் பதிவுசெய்ய 500 ரூபாய்தான் கட்டணம், தகராறு வந்தால் அந்தச் சான்றிதழ் முதல் ஆதாரமாக நிற்கும். மேடை வருமானத்துக்குக் குழுவின் பெயரில் கூட்டாண்மை ஒப்பந்தமும் தனி பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்திருந்தால் பாடகர் வரி அறிவிப்பையே சந்தித்திருக்க மாட்டார்.

உரிமையை முழுவதுமாக விற்பது எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டேன். 42,000 ரூபாய் கடனும் பொதுப்பணமுமாகச் செலவிட்டவர்களுக்கு 3 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் ஐந்தாண்டு என்ற வரம்பையாவது, விளம்பரப் பயன்பாட்டுக்கு ஐவரின் முன் இசைவு தேவை என்ற ஒரு வரியையாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள் என்று பாடகர் நினைக்கிறார். விலை சரிந்த அந்தப் பருவத்தில் பாட்டு பரவிய வேகத்தைப் பார்த்தால், மறுத்திருக்க மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கூலிக்கு அழைக்கப்படும் பம்பை, உடுக்கை, தவில் கலைஞர்கள் இப்போது இந்த வட்டாரத்தின் பல குழுக்களோடு ஒத்திகைக்கும் போகிறார்கள். அவர்களுக்காக நான் எழுதித்தரும் கூலி ரசீதில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "இத்தொகை வாசிப்புக்கு மட்டும் உரியது, மெட்டமைப்பில் எனக்குள்ள பங்கு இதில் அடங்காது." ரசீதை வாங்கும் குழுக்களில் சில, அந்த வரியைப் பார்த்ததும் கையொப்பத்துக்கு முன்பே பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றன.